எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது, விரல் மீட்டரோ 95 காட்டுகிறது: பல்மனரி ஹைப்பர்டென்ஷனில் மூளைக்குப் போகும் ஆக்சிஜன்

கேள்வி இதுதான்: பல்மனரி ஹைப்பர்டென்ஷன், அதாவது நுரையீரல் தமனிகளில் உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 95, 96 என்றே வருகிறது. மூளைக்கு ஆக்சிஜன் குறைகிறதா, இல்லையா? வீட்டில் ஆக்சிஜன் வைத்தால் சரியாகுமா?

குறையலாம். மீட்டர் 95 காட்டும்போதே குறையலாம். விரல் மீட்டர் அளப்பது, தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதை மட்டும். அந்த ரத்தம் நிமிடத்துக்கு எவ்வளவு மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அறிய அதற்கு வழியே இல்லை. எழுந்து நிற்கும் நேரத்தில் இந்த நோயில் பெரும்பாலும் முதலில் சரிவது அந்த ஓட்டம்தான். அதனால்தான் ஆக்சிஜன் வைப்பது சிலருக்கு உதவுகிறது, பலருக்கு எதிர்பார்த்த அளவு உதவுவதில்லை.

நிற்கும்போது என்ன நடக்கிறது

யார் எழுந்து நின்றாலும் சுமார் 500 முதல் 800 மில்லி ரத்தம் மார்புப் பகுதியிலிருந்து கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறையும். கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கவனித்து, துடிப்பைக் கூட்டி, ரத்தக்குழாய்களை இறுக்கி ஈடுகட்டும். முதல் 10 விநாடியை ஒட்டி அழுத்தம் நன்றாகச் சரிந்து, ஏறக்குறைய 30 விநாடிக்குள் மீண்டுவிடும். நலமாக உள்ளவருக்கும் நிற்கும்போது மூளையின் ரத்த ஓட்டம் கொஞ்சம் குறையவே செய்கிறது. கையிருப்பு தாராளமாக இருப்பதால் அவருக்குத் தெரிவதில்லை.

பலர் கணக்கில் எடுக்காத இன்னொன்று உயர வித்தியாசம். கையில் கட்டும் பட்டை இதய மட்டத்தில் உள்ள அழுத்தத்தைச் சொல்கிறது. நிற்கும்போது மூளை அதற்கு 25 முதல் 30 செ.மீ. மேலே இருக்கிறது. ஒரு செ.மீ. உயர ரத்தத்துக்கு சுமார் 0.77 மி.மீ. பாதரசம் என்று வைத்தால், மூளை மட்டத்தில் 20 மி.மீ. போலக் குறைத்துக்கொள்ள வேண்டும். 100/62 என்றால் சராசரி அழுத்தம் 75. நிற்பவரின் மூளை மட்டத்தில் அது 55 அளவு. நின்றபின் 85/55க்கு இறங்கினால் சராசரி 65; மூளை மட்டத்தில் 45. அழுத்தம் மாறினாலும் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும் திறன் மூளைக்கு உண்டு. ஆனால் சராசரி 60க்குக் கீழே போனால் அது தளரும் என்பதே பொதுவான கணக்கு. ஆளுக்கு ஆள் இந்த எல்லை மாறும். பல்மனரி ஹைப்பர்டென்ஷன் மருந்துகளால் மேல் அழுத்தம் 95, 100 என்றே நாளெல்லாம் இருப்பவர்கள் எப்போதும் இந்த விளிம்பில்தான் நிற்கிறார்கள்.

இந்த நோயில் ஈடுகட்ட முடியாததற்குக் காரணம்

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம், ஓய்வில், வலது இதயத்துக்குள் கேதட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு அளக்கும்போது 20 மி.மீ.க்கு மேல் இருந்தால் பல்மனரி ஹைப்பர்டென்ஷன். 2018 வரை இந்த எல்லை 25 ஆக இருந்தது. பெயரில் அழுத்தம் இருந்தாலும், தலைசுற்றல் விஷயத்தில் அழுத்தத்தைவிட முக்கியம் தடை. உடலிலிருந்து திரும்பும் ரத்தம் முழுவதும் நுரையீரலைக் கடந்துதான் இடது இதயத்துக்கு வர வேண்டும். அந்தப் பாதை குறுகியிருந்தால், இடது இதயம் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் தனக்கு வந்து சேர்ந்ததை மட்டுமே வெளியே தள்ள முடியும்.

வலது கீழறை அந்தத் தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளி விரிந்து தடித்துப் போகிறது. நடுச்சுவர் இடப்பக்கமாகப் புடைத்து இடது கீழறை நிரம்பும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. இதயத்தின் ஒலி அலைப் படமான எக்கோவின் அறிக்கையில் இடது கீழறை ஆங்கில எழுத்தான 'டி' வடிவில் தெரிகிறது என்று எழுதுவது இதைத்தான். நோய் முற்றிய நிலையில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவைக் கூட்ட இதயத்துக்கு வழி கிடையாது. கையில் மிச்சம் இருப்பது துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்றுதான். நின்றவுடன் திரும்பும் ரத்தம் குறையும்போது, மற்றவர்களுக்கு உதவும் ஈடுகட்டல் இவர்களுக்குப் பாதிதான் வேலை செய்யும். ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரைகள் சாப்பிட்டிருந்தால், குழாய்களை இறுக்கி அழுத்தத்தைக் காக்கும் வழியும் ஓரளவு அடைபடுகிறது.

இடையில் ஒரு முரண்: படுத்திருக்கும்போது வலது மேலறை அழுத்தம் 12, 15 என்று இருப்பவர்களுக்கு மூளையிலிருந்து ரத்தம் வடிவதே சிரமம். மூளையை ஊடுருவும் அழுத்தம் என்பது தமனி அழுத்தத்திலிருந்து அந்தப் பின்னழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. எழுந்து நிற்கும்போது கழுத்துச் சிரைகள் சுருங்கி அந்தப் பின்னழுத்தம் குறையும். அந்த அளவில் நிற்பது நன்மை. ஆனால் உட்கார்ந்த நிலையிலும் கழுத்துச் சிரை புடைத்துத் தெரிகிறவருக்கு இந்த நன்மை கிடைப்பதில்லை. இரு பக்கமும் இடிபடுபவர் அவர்தான்.

கரியமில வாயு: கவனிக்கப்படாத பாதி

மூளையின் ரத்தக்குழாய்கள் கரியமில வாயுவுக்குக் கட்டுப்பட்டவை. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 1 மி.மீ. குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். சராசரியாக 40 இருக்க வேண்டிய அந்த எண், நுரையீரல் தமனி நோய் (நுரையீரலின் சிறு தமனிகளே தடித்துக் குறுகும் வகை) உள்ளவர்களுக்கும், பழைய ரத்தக்கட்டிகள் நுரையீரலை அடைத்து நோய் வந்தவர்களுக்கும், பெரும்பாலும் 30களின் முற்பகுதியில்தான் இருக்கும். நுரையீரலுக்குள் ரத்தம் போகாத பகுதிகளுக்கும் காற்று போவதாலும், மூச்சைத் தூண்டும் உணரிகள் தீவிரமாக இருப்பதாலும் அவர்கள் ஓய்விலேயே தேவைக்கு மேல் மூச்சுவிடுகிறார்கள்.

நின்றவுடன் இந்த எண் இன்னும் சில மி.மீ. இறங்கும். கண் இருட்டியதும் பயம் வரும். பயத்தில் "நன்றாக மூச்சை இழு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். ஆழமாக, வேகமாக இழுப்பார். கரியமில வாயு 5 மி.மீ. இறங்கினால் ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் போய்விடும். விரல் மீட்டரோ 95லிருந்து 97க்கு ஏறியிருக்கும். எண் நன்றாகி ஆள் மோசமாவது இப்படித்தான். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போவது, கை இழுப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இந்த நோயாளிகளின் மூளை ரத்தக்குழாய்களின் கட்டுப்பாடே சற்றுத் தளர்ந்திருக்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. கனடாவின் லவால் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் தமனி நோய் உள்ளவர்களுக்கு அழுத்த மாற்றத்தைச் சமாளிக்கும் திறனும், கரியமில வாயுவுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் திறனும் குறைந்திருந்தன. உடற்பயிற்சியின்போது மூளையின் ஆக்சிஜன் அளவும் இறங்கியது.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் பல்மனரி ஹைப்பர்டென்ஷன் வந்தவர்களில் சிலருக்குக் கதை தலைகீழ். அவர்களுக்குக் கரியமில வாயு 50க்கு மேல் தேங்கியிருக்கலாம். அவர்களுக்கு நிற்கும்போதும் நடக்கும்போதும் சரிவது பெரும்பாலும் விரல் மீட்டரின் எண்ணே. ஆகவே இந்த நோயின் எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

மூளைக்கு 100 கிராமுக்கு நிமிடத்தில் சுமார் 50 மில்லி ரத்தம் போகிறது, அதிலிருந்து 3.5 மில்லி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 14 கிராம், செறிவு (விரல் மீட்டர் காட்டும் ஆக்சிஜன் சதவீதம்) 96 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 18 மில்லி ஆக்சிஜன். மூளைக்குப் போவது 9 மில்லி. எடுத்தது போக, மூளையிலிருந்து வெளியேறும் சிரை ரத்தத்தின் செறிவு 59 சதவீதம்.

இப்போது விரல் செறிவு 96லேயே இருக்கட்டும். ஓட்டம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 40 ஆகட்டும். போய்ச் சேர்வது 7.2 மில்லி. சிரைச் செறிவு 49க்கு இறங்கும். அடுத்து, ஓட்டம் 50லேயே நிற்கட்டும். விரல் செறிவு 90க்கு இறங்கட்டும். சிரைச் செறிவு 53. அதாவது விரலில் 96லிருந்து 90 என்பது எல்லோரையும் பதற வைக்கும் சரிவு. மீட்டரில் ஒரு புள்ளியும் அசையாத 20 சதவீத ஓட்டக் குறைவு அதைவிட ஒரு படி மோசம். இரண்டும் சேர்ந்தால் 43. முன்பு சொன்ன ஆழமான, வேகமான மூச்சிரைப்பு மட்டுமே அந்த 20இல் 15ஐக் கொடுத்துவிடும்.

அதே கணக்கில் ஹீமோகுளோபினை 14க்குப் பதில் 10 என்று போட்டால், மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் சிரைச் செறிவு 44 ஆகிறது. நாட்பட்ட சோகையில் மூளை தன் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். ஆனால் ஓட்டத்தைக் கூட்ட முடியாத இதயம் உள்ளவரிடம் அந்த ஈடும் குறைவு. இந்த நோயில் இரும்புச்சத்துக் குறைபாடு சகஜம். இந்த நோய்க்கே கொடுக்கும் போசென்டான், மாசிடென்டான், ஆம்பிரிசென்டான் வகை மருந்துகளும் ஹீமோகுளோபினைச் சற்றுக் குறைக்கும். தலைசுற்றலுக்கு ரத்த எண்ணிக்கையும், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்காமல் மாத்திரையை மாற்றுவது அவசரம்.

விரல் எண்ணும் உண்மையாகவே விழும் இடங்கள்

இதய மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத சிறு துளை ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு உண்டு. சாதாரணமாக அது தொந்தரவு தராது. வலது மேலறை அழுத்தம் இடதைத் தாண்டும்போது ஆக்சிஜன் ஏறாத ரத்தம் அந்த வழியாக நேராக இடப்பக்கம் புகுந்து மூளைக்குப் போகும். சிலருக்கு இது நிற்கும்போது கூடி, படுத்தால் குறையும். நின்றால் மூச்சுத்திணறல், படுத்தால் நிம்மதி, நின்றபின் செறிவு 5 புள்ளி அல்லது அதற்கு மேல் சரிவு என்றால், குமிழி விட்டுப் பார்க்கும் எக்கோ சோதனை தேவை. கல்லீரல் நோயால் பல்மனரி ஹைப்பர்டென்ஷன் வந்தவர்களிடமும் நுரையீரலுக்குள்ளேயே இதுபோன்ற குறுக்குப் பாதை இருக்கலாம்.

ஐசன்மெங்கர் நிலையில், அதாவது பிறவித் துளையால் பல்மனரி ஹைப்பர்டென்ஷன் முற்றி ஓட்டம் திசைமாறியவர்களிடம், உடல் ரத்தக்குழாய்கள் விரிந்தாலே நீல ரத்தம் அதிகம் கடக்கும். வெந்நீர்க் குளியலும் காய்ச்சலும் போதும். மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையிலான குழாய் மூடாமல் இருப்பவர்களுக்கு வலது கையில் 94, கால் விரலில் 80 என்று இருக்கலாம். மூளைக்குப் போவதை அறிய வலது கை விரலில்தான் மாட்ட வேண்டும்.

மூளையின் ஆக்சிஜனை நேரடியாக அளக்க முடியுமா

ஓரளவு முடியும். நெற்றியில் ஒட்டும் ஓர் உணரி அகச்சிவப்புக்கு அருகில் உள்ள, 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீள ஒளியை உள்ளே அனுப்பித் திரும்புவதை அளக்கும். இந்த முறையை ஃபிரான்ஸ் ஜோப்சிஸ் 1977இல் அறிமுகப்படுத்தினார். ஒளியை விடும் முனைக்கும் பிடிக்கும் முனைக்கும் 3 முதல் 4 செ.மீ. இடைவெளி, எட்டுவது மூளையின் மேற்பரப்பு மட்டும். அது தமனியை மட்டும் பார்ப்பதில்லை; அந்த இடத்தில் உள்ள ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. அதில் முக்கால் பங்கு சிரை ரத்தம். அதனால் இயல்பான எண் 95 அல்ல. 60க்கும் 75க்கும் இடையில் இருக்கும். மேலே போட்ட கணக்கில் இது 68. ஓட்டம் 20 சதவீதம் குறைந்தால் 61. ஓட்டமும் செறிவும் சேர்ந்து குறைந்தால் 55.

இந்த எண்ணை வைத்துச் சண்டை போடக் கூடாது. ஒரு நிறுவனக் கருவியின் 65ம் இன்னொன்றின் 65ம் ஒன்றல்ல. நெற்றித் தோலில் ஓடும் ரத்தமும் கணக்கில் கலக்கும். ஒட்டுப்பட்டை இறுக்கம், வியர்வை, தோலின் கருமை எல்லாம் எண்ணை நகர்த்தும். பயன்படுவது ஒரே ஆளிடம், ஒரே கருவியில், படுத்திருந்ததற்கும் நின்றதற்கும் உள்ள வித்தியாசம். கூடவே துடிப்புக்குத் துடிப்பு ரத்த அழுத்தம், மூச்சுக் காற்றின் கரியமில வாயு, தலையோட்டின் பொட்டு வழியாக நடுமூளைத் தமனியின் ஓட்ட வேகத்தைப் பார்க்கும் டாப்ளர் ஆகியவற்றையும் வைத்தால்தான் குறைந்தது எதனால் என்று தெரியும். இத்தனையும் ஆய்வுக்கூடங்களில்தான் ஒன்றாகக் கிடைக்கும். வீட்டில் இதற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடிய அளவீடு

காலையில் மாத்திரைக்கு முன் ஒரு முறை, மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு அல்லது மூன்று நாட்களுக்குச் செய்தால் போதும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் ஒரு நாற்காலியும் வேண்டும். ஏற்கெனவே மயங்கி விழுந்தவர் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

5 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். மல்லாந்து படுக்க முடியாதவர் தலையணை வைத்துக்கொள்ளலாம். எத்தனை தலையணை என்று குறித்துக்கொண்டால் அடுத்த முறையும் அதேபோல் செய்யலாம். ரத்த அழுத்தம், துடிப்பு, விரல் செறிவு மூன்றையும் எழுதுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மீண்டும் எழுதுங்கள். தெம்பு இருந்தால் 5ஆம் நிமிடமும். நிற்கும்போது பட்டை கட்டிய கையைத் தொங்கவிட்டால் எண் அதிகமாகக் காட்டிச் சரிவை மறைத்துவிடும். முழங்கையை மேசை மீதோ உடனிருப்பவர் கையிலோ தாங்கி இதய மட்டத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்ன உணர்ந்தார் என்று ஒரு சொல்லாவது எழுதுங்கள்: கண் இருட்டல், தலை லேசாதல், படபடப்பு, ஒன்றுமில்லை.

3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது நிலைமாற்ற அழுத்தச் சரிவு. அழுத்தம் சரியாமல் இருந்து, துடிப்பு மட்டும் 30க்கு மேல் கூடினால் உடல் தவித்து ஈடுகட்டுகிறது என்று பொருள். நீர்ச்சத்து குறைவும் சோகையும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். அழுத்தம் சரிந்தும் துடிப்பு கொஞ்சமும் கூடவில்லை என்றால் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் போன்ற மருந்தோ, சர்க்கரை நோயில் நரம்புப் பாதிப்போ காரணமாகலாம். எல்லா எண்ணும் சரியாக இருந்தும் கண் இருட்டினால், முதல் 15 விநாடிச் சரிவைப் பட்டை தவறவிட்டிருக்கலாம், அல்லது மூச்சிரைப்புதான் காரணமாக இருக்கலாம்.

விரல் மீட்டரின் குறைகளையும் மறக்க வேண்டாம். சில்லிட்ட விரலில் எண் தாமதமாகும், தாறுமாறாகும். தோல் தடித்து இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோய் உள்ளவர்களுக்கு விரல் நுனி வெளுத்துப்போகும்போது அது காட்டுவதை நம்ப முடியாது. காது மடலிலோ நெற்றியிலோ மாட்டும் உணரி மேல். நகப்பூச்சு கூடாது. கருமையான தோலில் இந்த மீட்டர்கள் உண்மையைவிடச் சில புள்ளி அதிகம் காட்டக்கூடும். சந்தேகம் இருந்தால் தமனி ரத்தப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். அது கரியமில வாயுவையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

மருந்துகள்

தலைசுற்றலுக்கு மருந்து காரணம் என்று தெரிந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது. நேரத்தை மாற்றுவது, பிரித்துக் கொடுப்பது, அளவை மெதுவாக ஏற்றுவது என்று மருத்துவருக்குப் பல வழிகள் உண்டு.

ரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் போட்ட அரை மணி முதல் 2 மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். அதே நேரத்தில் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையையும் போட்டுவிட்டு, வெந்நீரில் குளிக்கப் போவதுதான் பல வீடுகளில் காலை வழக்கம். இந்த மூன்றையும் தள்ளித் தள்ளி வைத்தாலே பலருக்குக் கிறுகிறுப்பு குறைய வாய்ப்பு உண்டு. குழாயை விரிக்கும் மற்றொரு மருந்தான ரியோசிகுவாட்டையும், சில்டெனாஃபில் அல்லது அதே வகை டாடலாஃபிலையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. மார்புவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் இவற்றில் எதனுடனும் கூடாது. புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் வகையும் அழுத்தத்தைக் குறைக்கும்; அதைச் சிறுநீரியல் மருத்துவர் தனியாக எழுதியிருப்பார். இதய மருத்துவருக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். பீட்டா பிளாக்கரும் அப்படித்தான்: துடிப்பைக் கூட்டுவது மட்டுமே கைவசம் உள்ள இதயத்தில் அதையும் கட்டிப்போடுகிறது. வேறு வலுவான காரணம் இல்லாமல் நுரையீரல் தமனி நோயில் அதைக் கொடுப்பதில்லை.

நீர் மாத்திரை விஷயம் நுட்பமானது. அதிகமானால் நிரம்ப ரத்தமின்றி அழுத்தம் சரியும். குறைந்தால் வலது கீழறை உப்பி, நடுச்சுவர் இடதை நசுக்கி, அப்போதும் ஓட்டம் சரியும். இரண்டிலும் தலை சுற்றும். பிரித்தறிய எடைதான் வழி. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே தராசில். வழக்கமான எடையைவிட 2 கிலோ குறைந்து, நாக்கு உலர்ந்து, நின்றால் சுற்றுகிறது என்றால் மாத்திரை அதிகம். மூன்று நாளில் 2 கிலோ ஏறி, கால் வீங்கி, வயிறு உப்பி, சுற்றுகிறது என்றால் இதயம் தளர்கிறது. இரண்டாவதை முதலாவது என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவது ஆபத்தான தவறு.

எழுந்திருக்கும் முறை

படுக்கையில் இருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழும் 20 முறை அசைத்து, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி விடுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்காருங்கள். காலைத் தொங்கவிட்டு 1 முதல் 2 நிமிடம். பிறகு எதையாவது பிடித்து நின்று, 30 எண்ணும் வரை நகர வேண்டாம். வாய்விட்டு எண்ணுவது நல்லது: மூச்சைப் பிடிக்கவும் முடியாது, வேகமாக இரைக்கவும் முடியாது. மூச்சு மூக்கு வழியாக, அமைதியாக, வழக்கமான ஆழத்தில் போகட்டும். நிற்க வேண்டியிருந்தால் கால்களைக் குறுக்கே வைத்துத் தொடைகளை ஒன்றோடொன்று அழுத்திக்கொள்ளலாம். கெண்டைக்கால் தசை இறுகும்போது சிரை ரத்தம் மேலே ஏறும்.

கண் இருட்டத் தொடங்கினால் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும், தரையானாலும். கட்டில் வரை போய்விடலாம் என்று நடக்கும் அந்த நாலடியில்தான் விழுகிறார்கள். மூளைக்கு ஓட்டம் முழுதும் நின்றால் நினைவு தப்ப 10 விநாடிகூட ஆகாது.

கழிவறை தனி கவனம் கேட்கிறது. முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அடைபடும். விட்டதும் எழுந்தால் இரட்டைச் சரிவு. மலத்தை இளக்கும் மருந்து இங்கே இதய மருந்துக்குச் சமம். ஆண்களும் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். கடைசி நீர் மாத்திரையை மாலைக்கு முன் முடித்துவிட்டால் நள்ளிரவில் எழுவது குறையும். குளியல் இளஞ்சூட்டில், நாற்காலி போட்டு, கதவைத் தாழிடாமல். குனிந்து பொருள் எடுத்து நிமிர்வதும், வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் எழுவதும் இதே வகைதான்.

சாதாரண அழுத்தச் சரிவுக்கு எல்லா இடத்திலும் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி இங்கே பொருந்தாது. உப்பைக் கூட்டு, அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடி என்பவை வலது இதயத்தை மூழ்கடிக்கும். அழுத்தச் சரிவுக்குக் கொடுக்கும் ஃபுளூட்ரோகார்டிசோன் மாத்திரை நீரையும் உப்பையும் உடலில் தேக்கும். அதனால் தவிர்ப்பார்கள், அல்லது மிகுந்த எச்சரிக்கையோடு கொடுப்பார்கள். இறுக்கமான காலுறையைக் கால் வீக்கத்தின் காரணம் தெரியாமல் மாட்டக் கூடாது. குந்தி உட்கார்ந்தால் உடனடியாக நன்றாக இருக்கும், மீண்டும் எழும்போது முதலில் வந்ததைவிடப் பெரிய சரிவு வரும். ஆகவே குந்தினால் அப்படியே தரையில் அமர்ந்துவிட வேண்டும்.

ஆக்சிஜன் வைக்கலாமா

ஓய்விலோ நிற்கும்போதோ நடக்கும்போதோ செறிவு உண்மையாகவே விழுகிறவர்களுக்கு ஆக்சிஜன் பயன் தரும். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ.க்குக் கீழ் என்பது வழக்கமாகத் தொடங்கும் எல்லை. செறிவு 96 உள்ளவருக்கு அதை 99 ஆக்கினால் கூடுவது 3 சதவீதம். விழுந்திருப்பது ஓட்டத்தில் 20 சதவீதம். நிரப்பாது. துளை வழியாக ரத்தம் கடக்கிறவர்களிடம் எவ்வளவு வைத்தாலும் எண் அதிகம் ஏறாது. கரியமில வாயு தேங்கும் அடைப்பு நோயாளியிடம் லிட்டரைத் தானாகக் கூட்டுவது தூக்கக்கலக்கத்தில் தொடங்கி ஆபத்தில் முடியலாம். நியாயமான வழி, மருத்துவமனையில் படுத்தும் நின்றும் நடந்தும், ஆக்சிஜனோடும் இல்லாமலும் அளந்து பார்த்துத் தீர்மானிப்பது. இரவில் செறிவு விழுகிறதா என்ற சோதனையும் அதோடு சேரட்டும். காலையில் எழும்போது மந்தமும் தலைவலியும் இருந்தால் கட்டாயம்.

காத்திருக்கக் கூடாதவை

கண் இருட்டுவது ஒன்று, நினைவு தப்பி விழுவது வேறொன்று. இந்த நோய்க்கான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியில், நிலையாக இருக்கும் நோயாளிக்கு எழும்போது எப்போதாவது ஒருமுறை மயக்கம் வந்தால் அது நடுத்தர அபாயம். சிறு வேலைக்கே திரும்பத் திரும்ப மயங்கினால் அது உயர் அபாயம். சிகிச்சையையே மாற்ற வேண்டிய நிலை. எனவே ஒருமுறை மயங்கினாலும் அதே நாளில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போது மயங்குவது, எழும்போது மயங்குவதைவிடக் கனமான அறிகுறி. திடீரென்று ஒழுங்கில்லாத படபடப்போடு தலைசுற்றல் வந்தால் மேலறைத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். வலது இதயம் அதை நீண்ட நேரம் தாங்காது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குப் புதிதாக நின்றால் சுற்றுகிறது என்றால், மலம் தார்போலக் கறுத்திருக்கிறதா (வயிற்றில் ரத்தக்கசிவின் அறிகுறி) என்று முதலில் கேளுங்கள்.

மயங்கியவரை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தரையில் படுக்க விடுங்கள், கழுத்துப் பக்கத்துத் துணியைத் தளர்த்துங்கள், ஆக்சிஜன் குழாய் போட்டிருந்தால் நழுவியிருக்கிறதா பாருங்கள். நினைவு திரும்பி மூச்சு வாங்கினால் தோளுக்குக் கீழே தலையணை கொடுத்துச் சற்று உயர்த்தலாம். ஒரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் ஆம்புலன்ஸ்.

ரத்தக்குழாயை விரிக்கும் எப்போபுரோஸ்டினால் மருந்தை இடைவிடாமல் செலுத்தும் பம்ப் வைத்திருப்பவருக்குத் தலை சுற்றினால் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதற்கு முன் குழாயைப் பாருங்கள்: மடங்கியிருக்கிறதா, கழன்றிருக்கிறதா, மருந்துப் பை தீர்ந்துவிட்டதா. அந்த மருந்தின் வீரியம் ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். மாற்றுப் பம்பும் கலக்கத் தயாராக உள்ள மருந்தும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.